இன்டக்‌ஷன்ல தோசை: இரும்புக்கல்லா, நான்ஸ்டிக்கா? எத்தனை வாட்?

செந்தூல் வாசு:
எங்க கொண்டோவில் (அடுக்குமாடி வீடு) கேஸ் வைக்க அனுமதி இல்லை. 2000 வாட் இன்டக்‌ஷன், 30 செ.மீ. வார்ப்பிரும்புக் கல். தோசை நடுவில் கருகுது, ஓரம் மாவாவே நிக்குது. கல்லை மாத்தணுமா, சூட்டை மாத்தணுமா?

ஜெலுத்தோங் அக்கா:
சூட்டை மாத்துங்க தம்பி. கண்ணாடிக்கு அடியில இருக்கிற செப்புச் சுருள் 18, 20 செ.மீ. அகலந்தான் இருக்கும். அந்த வட்டத்துக்கு நேர் மேலதான் கல்லு சூடாகும். மீதிக்கு இரும்பு வழியா ஊர்ந்துதான் போகணும். 2000-ல வச்சா ஓரத்துக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள நடு தீஞ்சிடும்.

700, 800 வாட்ல 8 நிமிஷம் வெறுங்கல்லைக் காய விடுங்க. நடுவுல ரெண்டு தடவை கல்லைத் தூக்கி ரெண்டு விரற்கடை தள்ளி வைங்க. இழுக்காதீங்க, கண்ணாடி கீறிடும். தண்ணி தெளிச்சா 'சொய்'னு அடங்கணும். முத்து முத்தா உருண்டு ஓடினா சூடு மிஞ்சிப் போச்சு, மாவு கரண்டியோடயே சுருண்டு வந்துடும். அப்போ ஈரத்துணியால ஒரு துடை, பாதி வெங்காயத்துல எண்ணெய் தொட்டு ஒரு தேய். குவளையோட தண்ணி ஊத்துனா வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

கெப்போங் குமார்:
வேலைக்குப் போற வீட்ல காலைல 8 நிமிஷம் கல்லைப் பார்த்துட்டு நிக்க முடியுமாக்கா? அலுமினிய நான்ஸ்டிக் கல், அடியில காந்தம் ஒட்டுற எஃகுத் தட்டு வச்சது வாங்கலாம். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட மூணு மடங்குக்கு மேல சூட்டைக் கடத்தும். 1000 வாட்ல 3 நிமிஷம், ஓரமும் சிவந்திடும்.

ஆனா கடையில 'இன்டக்‌ஷன்' முத்திரையை மட்டும் நம்பாதீங்க. ஃபிரிட்ஜ் காந்தம் ஒண்ணு எடுத்துட்டுப் போய் நடுவுல இருந்து ஓரம் வரைக்கும் ஒட்டிப் பாருங்க. 28 செ.மீ. கல்லுக்கு அடியில சின்னதா ஒரு வட்டம் மட்டும் ஒட்டுச்சுன்னா அது மட்டுந்தான் சூடாகும், திரும்பக் கருகல் கதைதான்.

ஜெலுத்தோங் அக்கா:
நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரி தாண்டினா கெட ஆரம்பிக்கும். மெல்லிசான வெறுங்கல்லை 2000 வாட்ல வச்சா அந்தச் சூட்டுக்கு ரெண்டு மூணு நிமிஷம் போதும். அந்தப் புகை கூண்டுக்கிளியைக் கொன்னுடும். அதோட பூச்சுல மாவு வழுக்கும், நெய் ரோஸ்ட்டுக்கு மெல்லிசா இழுக்க வராது.

கெப்போங் குமார்:
2000 யாருக்கா வைக்கச் சொன்னா? 1000-ல ஆரம்பிச்சு, மாவு ஊத்துறப்ப 600-க்கு இறக்கி, இழுத்தப்புறம் ஏத்துங்க. வழுக்காது. அடுப்புல இருக்கிற 180 டிகிரி பட்டனை நம்புறதுதான் தப்பு. சென்சார் கண்ணாடியோட அடிப்பக்கத்துல இருக்கு, கல்லோட சூடு அதுக்குத் தாமதமாத்தான் தெரியும். உங்க கனமான இரும்புக்கல்லுக்கு அது இன்னும் மோசம்.

பத்துகேவ்ஸ் வயர்மேன்:
கல் சண்டை இருக்கட்டும்லா. பிளக் எங்க மாட்டியிருக்கீங்க? 2000 வாட்னா 230 வோல்ட்ல கிட்டத்தட்ட 9 ஆம்பியர். அதே எக்ஸ்டென்ஷன்ல கெட்டிலையும் சொருகினா 17, 18 ஆகும். எக்ஸ்டென்ஷன் பிளக்குக்குள்ள இருக்கிற 13 ஆம்பியர் ஃபியூஸ் அதுக்கு உடனே போகாது. ரொம்ப நேரம் தாங்கிக்கிட்டே இருக்கும், அதுக்குள்ள பிளக் பழுத்து உருகும். சுவர் சாக்கெட்ல தனியா மாட்டுங்க.

காந்தம் ஒட்டாத அலுமினியப் பாத்திரத்தை விட மனசில்லன்னா இன்ஃப்ராரெட் அடுப்பு வாங்குங்க. அடி தட்டையா இருந்தா எந்தப் பாத்திரமும் ஓடும். அணைச்ச பிறகும் கண்ணாடி சூடு நிக்கும், அதனால குழம்பை ரெண்டு நிமிஷம் முன்னாடியே நிறுத்தலாம்.

செந்தூல் வாசு:
13-ஐ யோசிக்கவே இல்லை, நன்றிண்ணே. குக்கர்ல பருப்பு மூணு விசில் விட்டும் நறுக்குனு இருக்கே, அதுக்கும் இந்த அடுப்புதான் காரணமா?

ஜெலுத்தோங் அக்கா:
ஆமா. இதுல விசில் சீக்கிரம் வந்துடும், பருப்பு அழுத்தத்துல இருக்கிற நேரம் குறைஞ்சு போகும். விசிலை எண்ணாதீங்க. 1600-ல முதல் விசில் வந்ததும் 400, 500-க்கு இறக்கி, ஊற வச்ச துவரம் பருப்புக்கு 8 நிமிஷம், ஊறாததுக்கு 12. எந்தக் குக்கரா இருந்தாலும் அடியில காந்தம் ஒட்டணும்.

கெப்போங் குமார்:
குக்கர் கணக்கு சரி. 400-ல சில அடுப்பு விட்டு விட்டுத்தான் எரியும், ஆவி நின்னு நின்னு வந்தா 600 வைங்க. தோசைக்கு மட்டும் நான் இன்னும் அலுமினியம்தான்.

ஜெலுத்தோங் அக்கா:
பூச்சு உரிஞ்சதும் அதைத் தூக்கிப் போட்டுட்டு இரும்புக்கல் தேடுவீங்க தம்பி. அப்போ 24 செ.மீ. வாங்குங்க, 30 வேணாம்.