பத்து ஜோடியில் மிஞ்சிய ஒன்று

அம்மா தனியாக இருக்கும் கிராமத்து வீட்டில் போன வருடம் வரை லேண்ட்லைன் இருந்தது. இன்னும் எதற்கு அது என்று கேட்காத ஆளில்லை. அம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். செல்போனில் பேச்சு விட்டுவிட்டுக் கேட்கும். அந்த ரிசீவரைக் காதில் வைத்தால் ஒரு சொல் தப்பாது. எனக்கு அதுவே போதுமான காரணம்.

அதைவிடப் பெரிய காரணம் ஒரு புயல் இரவில்தான் புரிந்தது. சாயங்காலமே மின்சாரம் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் செல்போன் டவரின் பேட்டரியும் தீர்ந்து, ஊர் முழுக்க சிக்னல் இல்லை. அம்மாவின் செல்லுக்கு அடித்து அடித்து ஓய்ந்து, நடுராத்திரியில் லேண்ட்லைனுக்கு அடித்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். "நீ இன்னும் தூங்கலையா?" என்றார். கூடத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று மழையில் நனைந்து வந்தவர்கள். மின்சாரம் திரும்ப 3 நாள் ஆனது. அந்த 3 நாளும் அந்தப் போன் வேலை செய்தது.

லேண்ட்லைன் வீட்டு மின்சாரத்தை நம்பி இருப்பதில்லை. தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் உள்ள பேட்டரியிலிருந்து 48 வோல்ட் அதே செம்புக் கம்பி வழியாக வருகிறது. பேட்டரி இறங்கினால் ஜெனரேட்டர். கம்பி அறாமல் இருந்தால் டயல் டோன் இருக்கும்.

ஆனால் கம்பிக்கு ஆள் வேண்டும். அடுத்த மழைக்காலத்தில் லைனில் கரகரப்பு வந்தது. பேசுகிறவர் குரல் சட்டி வறுப்பது போன்ற சத்தத்துக்குள் மூழ்கிவிடும். பல முறை புகார் கொடுத்த பிறகு ஒரு லைன்மேன் வந்தார். ஓய்வு பெற இன்னும் சில மாதங்கள்தான் இருந்தன அவருக்கு. தெருமுனைப் பெட்டியைத் திறந்ததும் உள்ளிருந்து எறும்புகள் கொட்டின. ஜாயின்ட்டில் தண்ணீர் இறங்கி, செம்பின் மேல் பச்சைப் பூஞ்சை மாதிரி களிம்பு படிந்திருந்தது. களிம்பு பிடித்த நுனியை வெட்டி, புதிதாகச் சீவி, விரலால் முறுக்கி, டெஸ்ட் போனைக் கவ்வி வைத்துக் கேட்டார். முகம் தெளிந்தது. "கேளுங்க" என்று என் காதில் வைத்தார். அவ்வளவு சுத்தமான டயல் டோன். மூடும்போது சொன்னார்: "இந்தப் பெட்டியில 10 ஜோடி கம்பி இருக்கு, ஒரு லைனுக்கு ஒரு ஜோடி. இப்ப ஓடுறது உங்களது மட்டும்தான்."

அந்த ஒரு வாக்கியம் என்னை ரொம்ப நாள் விடவில்லை. நகரத்தில் அதே செம்புக் கம்பிக்கு இன்டர்நெட் ஓர் இரண்டாவது ஆயுளைக் கொடுத்தது. கிராமத்துக்கு அது கிடைக்கவில்லை. எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரம் கூடக்கூட, அந்தக் கம்பியில் இன்டர்நெட்டைக் கொண்டுவரும் டிஎஸ்எல் சிக்னல் தேய்ந்துகொண்டே போகும். 5 கிலோமீட்டர் தாண்டினால் பெயருக்குத்தான் இருக்கும். வேக இன்டர்நெட்டும் வராது, செல்போன் கைக்கு வந்துவிட்டது, அப்புறம் யார் மாதாமாதம் வாடகை கட்டுவார்கள்? ஒவ்வொருவராக இணைப்பைச் சரண்டர் செய்தார்கள். நீண்ட கேபிளின் பராமரிப்புச் செலவு மட்டும் குறையவில்லை. கடைசி ஒரு வீட்டுக்காக யாரும் மெனக்கெட மாட்டார்கள்.

அதுதான் நடந்தது. சாலையை அகலப்படுத்தத் தோண்டியபோது கேபிள் அறுந்தது. 3 மாதம் புகார் கொடுத்தேன். கடைசியில், சிம் போட்ட ஒரு வயர்லெஸ் போனைத் தருகிறோம் என்றார்கள். புயலில் பேட்டரி தீர்ந்துபோன அதே டவரில்தான் அதுவும் ஓடும் என்று சொல்லிப் பார்த்தேன். எதிர்முனையில் இருந்த பெண்ணுக்கு என் கவலை புரிந்தது. அவரால் செய்ய ஒன்றுமில்லை.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. பிரிட்டனில் செம்புக் கம்பியில் ஓடும் பழைய தொலைபேசிச் சேவையை 2025 இறுதிக்குள் நிறுத்துவதாக இருந்தார்கள். தனியாக வாழும் முதியவர்கள் கழுத்தில் மாட்டும் அவசர அலாரம், இன்டர்நெட் வழிப் புது இணைப்புக்கு மாற்றிய பின் வேலை செய்யாத சம்பவங்கள் வந்தன. 2027 ஜனவரி வரை தள்ளிவைத்தார்கள். மின்வெட்டில் வேறு வழி இல்லாதவர்களுக்குக் குறைந்தது 1 மணி நேரமாவது அவசர எண்ணை அழைக்க வழி செய்து தர வேண்டும் என்பது அங்கே விதி. 1 மணி நேரம்! எங்களுக்கு மின்சாரம் வர 3 நாள் ஆனது என்பதை நினைத்துக்கொண்டேன்.

இன்னும் லைன் வைத்திருப்பவர்கள் சரண்டர் செய்யும் முன் இரண்டு விஷயம் கேளுங்கள். புதுக் கருவிக்குப் பேட்டரி உண்டா, எத்தனை மணி நேரம் தாங்கும்? பழைய எண் அப்படியே கிடைக்குமா? நான் இரண்டாவதைக் கேட்கத் தவறிவிட்டேன். அம்மாவின் சித்திக்கு இந்த வயதில் மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அதுதான். புது எண்ணை ஓர் அட்டையில் பெரிதாக எழுதி அவர் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். போன வாரமும் பழைய எண்ணைத்தான் சுழற்றியிருக்கிறார்.