யாரும் சீண்டாத கடைசிக் கால அம்பாசிடர்: உங்களுக்கு வாய்த்தது எப்படி?

தர்மபுரியிலிருந்து

போன தை மாதம் காரிமங்கலம் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் 1996 மாடல் அம்பாசிடர் ஒன்றைப் பார்த்தேன். ஆர்.சி. புத்தகத்தில் நிறம் வெள்ளை என்று இருந்தது. புளியமரத்தடியில் எட்டு வருடம் நின்றதில் அது மோர் நிறத்துக்கு வந்திருந்தது. டிக்கியில் ‘1800 ஐ.எஸ்.’ என்று மட்டும் எழுத்து. கடைசியில் இருக்க வேண்டிய ‘இசட்’ எங்கேயோ விழுந்துவிட்டது.

வண்டிக்காரர் ஓய்வு பெற்ற வாத்தியார். “தம்பி, இதைப் பார்க்க வந்தவங்க எல்லாம் பானெட்டைத் திறந்து பார்த்துட்டு, பழசு இல்லையான்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க” என்றார். பழைய வண்டி வாங்க வந்தவர்களுக்கு அந்த வண்டி போதுமான அளவு பழசாக இல்லை! பேசி முடித்த தொகைக்கு இன்றைக்கு ஒரு புது ஸ்கூட்டர்கூட வராது.

நம் ஆட்கள் தேடுவது ஆரம்பகால மார்க் ஒன், மார்க் டூ மாடல்கள். சதுரங்கக் கட்டம் போட்ட கிரில், ஸ்டேரிங் பக்கத்திலேயே கியர், முன்னால் மூன்று பேர் உட்காரும் பெஞ்சு சீட். அதுதான் அவர்கள் மனதில் இருக்கும் அம்பாசிடர். 1990-இல் வந்த நோவா, அதற்குப் பிறகு வந்த 1800, 2003-இல் வந்த கிராண்ட், இவையெல்லாம் ஏதோ சித்தி பெற்ற பிள்ளைகள் மாதிரி ஒதுங்கி நிற்கின்றன. நானும் அப்படி நினைத்தவன்தான். அப்பா வைத்திருந்தது மார்க் ஃபோர்.

கொண்டுவந்து நிறுத்தியதும் மெக்கானிக் அண்ணன் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இது நம்ம அம்பாசிடர் இல்லீங்கண்ணா. சட்டை மட்டும்தான் அம்பாசிடர். உள்ள இருக்கறது ஜப்பான்காரன்” என்றார். குறையாகத்தான் சொன்னார். ஆனால் விஷயம் சரி. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் சீரிஸைத் தழுவி, 1950களின் கடைசியிலிருந்து மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் செய்துவந்த அம்பாசிடரின் பெட்ரோல் எஞ்சின் பிரிட்டிஷ் கம்பெனியான பி.எம்.சி.யின் 1489 சிசி வகை. தடியால் வால்வைத் தள்ளும் பழைய அமைப்பு. 1990களில் வந்த 1800-இல் இருப்பது இசுசூவின் 1817 சிசி எஞ்சின், வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் எஞ்சின் தலையிலேயே. அதே கம்பெனியின் கான்டெஸா காரிலும் இதே எஞ்சின்தான். சுமார் 75 குதிரைத்திறன். அதோடு தரையில் ஐந்து கியர்.

இதெல்லாம் காகிதத்தில் படித்தால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. தொப்பூரில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

சின்ன வயதில் சேலம் போய்த் திரும்புவது என்றாலே எங்களுக்குத் தொப்பூர் கணவாயில் ஒரு மண்டகப்படி உண்டு. மார்க் ஃபோரில் எட்டுப் பேர், மேல் கேரியரில் மூட்டை. பாதி ஏற்றத்தில் எஞ்சின் கொதிக்கும். அப்பா ஓரம் கட்டி, பானெட்டைத் தூக்கி, ஈரச் சாக்கு ஒன்றை ரேடியேட்டர் மேல் போட்டுவிட்டு பீடி பற்ற வைப்பார். டிக்கியில் பத்து லிட்டர் தண்ணீர் கேன் எப்போதும் இருக்கும். நாங்கள் குரங்குகளுக்குக் கடலை போடுவோம். அரைமணி நேரம். போகும்போது இறக்கம் என்பதால் அது வேறு கதை. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக், மேலே அவ்வளவு பாரம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்பதைத் தவிர வேறு ஒன்றும் செய்ய முடியாது.

மாசியில் இந்த 1800-ஐச் சேலத்திலிருந்து ஓட்டி வந்தேன். உள்ளே ஐந்து பேர், டிக்கியில் ஒரு மூட்டை ஜவ்வரிசி. ஏற்றத்தில் லாரிகள் இடதுபக்கம் ஊர்ந்துகொண்டிருந்தன. மூன்றாவதில் ஏறினேன், கொஞ்சம் நிமிர்ந்ததும் நான்காவது. வெப்பமானி முள் பாதிக்கு மேல் போகவே இல்லை. பக்கத்தில் அப்பா. வழக்கமாக நிறுத்தும் வளைவு வந்ததும் கதவுக் கைப்பிடியில் கை வைத்துவிட்டார், இறங்கத் தயாராக. வண்டி நிற்கவில்லை. அதியமான்கோட்டை தாண்டி ரோடு சமமானபோதுதான் வாயைத் திறந்தார்: “அஞ்சாவது போட்டியா?”

அவ்வளவுதான் கேட்டார். வீடு வந்து சேரும்வரை வேறு பேச்சில்லை. கொதிக்காத அம்பாசிடரை அவர் எந்தக் கணக்கில் சேர்ப்பார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இது மாதிரி நோவா, 1800, கிராண்ட், ஏன் கடைசிக் கால பிரீமியர் பத்மினி கார்கூட வைத்திருந்தவர்கள், ஓட்டியவர்கள், பின்சீட்டில் போனவர்கள் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டினத்திலிருந்து

எங்கள் அப்பா கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் டாக்ஸி ஓட்டியவர். 1992 நோவா டீசல். அதில் இருந்தது அதே 1489 சிசி அளவுள்ள டீசல் எஞ்சின், 40-க்கும் குறைவான குதிரைத்திறன். உங்கள் ஜப்பான்காரன் மாதிரி எல்லாம் தொப்பூரில் பறக்காது அண்ணா. பின்சீட்டில் இருப்பவர் வழி சொல்ல வேண்டும் என்றால் அப்பாவின் தோளைத் தட்டித்தான் சொல்ல வேண்டும், அவ்வளவு இரைச்சல். மார்கழியில் ஓசூர் சவாரி என்றால் விடியற்காலை சாவியைத் திருப்பி ஹீட்டர் சூடாகப் பத்து வரை எண்ணுவார். எண்ணுவது என் வேலை. எட்டில் நிறுத்தினால் வண்டி இருமும், பிடிக்காது.

ஆனால் அந்த நோவாதான் எங்கள் வீடு. மாங்காய் சீசனில் சவாரி இல்லாத நாட்களில் பின்சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, பெங்களூரா மாங்காயைக் கூடை கூடையாக ஏற்றி மாங்கூழ் ஆலைக்குக் கொண்டுபோவார். திரும்பி வந்து கழுவி, சீட்டை மாட்டி, சாயங்காலம் கல்யாணப் பெண்ணை ஏற்றுவார். மாங்காய்ப் பால் வாசனை மட்டும் போகாது. அந்த வாசனையோடுதான் எங்கள் ஊரில் எத்தனையோ பெண்கள் புகுந்த வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நோவாவை நோவாவாக யாரும் வைத்துக்கொள்வதில்லை. போன வருடம் ஒருத்தர் கல்யாண வாடகைக்காக நோவாவின் முன்பக்கத்தைக் கழற்றிவிட்டு மார்க் டூ கிரில் வைத்திருந்தார். பார்த்ததும் எனக்கு என்னவோ போல இருந்தது. நம் வீட்டுக் கிழவிக்கு வேறு ஒரு கிழவியின் பல்செட்டை மாட்டிவிட்ட மாதிரி.

ஓசூரிலிருந்து

கோபித்துக்கொள்ள வேண்டாம், நான் எதிர்க்கட்சி. என்னிடம் இருப்பது 1965 மார்க் டூ. கதவைச் சாத்தினால் வரும் சத்தம் ஒன்று போதும், மற்றதெல்லாம் அப்புறம். 1800-இன் டாஷ்போர்டைத் தொட்டால் பிளாஸ்டிக். இரண்டு தனித்தனி சீட் வைத்த அம்பாசிடரில் குடும்பம் எப்படி உட்காரும்? எஞ்சின் நல்ல எஞ்சின்தான். ஆனால் எஞ்சினுக்காக வாங்குகிறவர் கான்டெஸா வாங்கிக்கொள்ளலாமே!

சட்டமும் என் பக்கம்தான். 2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வயது தாண்டிய, மாற்றம் செய்யாத வண்டி என்றால் விண்டேஜ் பதிவு உண்டு, நம்பரில் ‘வி.ஏ.’ எழுத்தோடு. உங்கள் 1996 வண்டி அந்த வரிசையில் நிற்க வேண்டுமென்றால் 2046 ஆக வேண்டும். அதுவரை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, அதற்குப் பிறகும் ஏறியிருக்கிறது. பழசும் இல்லை, புதுசும் இல்லை, திரிசங்கு.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். என் வண்டியை நான் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில்தான் வெளியே எடுக்கிறேன். கிருஷ்ணகிரி ரோட்டில் 60-க்கு மேல் போனால் ஸ்டேரிங் ஆடுகிறது, பின்னால் லாரிக்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே மாட்டான். சூளகிரி வரை போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுவேன். ஜவ்வரிசி மூட்டையோடு சேலத்திலிருந்து வருவதெல்லாம் நடக்காது.

பாலக்கோட்டிலிருந்து

அம்பாசிடர்காரர்கள் சண்டைக்கு நடுவில் ஒரு பத்மினி. எங்கள் வீட்டில் இருந்தது கடைசிக் காலத்தில் வந்த எஸ்-1. அதே 1089 சிசி எஞ்சின், ஆனால் கியர் தரைக்கு வந்துவிட்டது, முன்னால் தனித்தனி சீட். நான் ஓட்டக் கற்றது அதில்தான். என் பெரியப்பாவிடம் ஸ்டேரிங் கியர் பத்மினி இருந்தது. அதில் இரண்டாவது போடச் சொன்னால் எனக்கு நான்காவது விழும். ‘பொம்பளைப் பிள்ளைக்கு இது வராது’ என்று சொல்லிவிட்டார்கள். எஸ்-1-இல் மூன்று நாளில் பழகி, நான்காம் நாள் மாரண்டஅள்ளி சந்தைக்கு ஓட்டிப்போய்த் தக்காளிக் கூடையோடு திரும்பினேன். அதனால் எந்த மாடல் அசல், எது அசல் இல்லை என்ற பேச்சு வந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

2023 அக்டோபர் கடைசியில் மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி ஓய்வு பெற்றபோது எல்லாப் பத்திரிகையிலும் படம் வந்தது. அது 2003 அக்டோபர் 29-இல் பதிவான வண்டி. இருபது வருட ஆயுள் முடிந்தது. ஊரே கண் கலங்கியது ஒரு கடைசிக் கால வண்டிக்காகத்தான், பத்மினிக்கு முன்னோடியாக 1964-இல் வந்த ஃபியட்டுக்காக அல்ல. எங்கள் எஸ்-1-ஐ அதற்கு ஐந்து வருடம் முன்பே எடைக்குப் போட்டுவிட்டோம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அம்மா என்னைத்தான் திட்டினார்.

அரூரிலிருந்து

அம்பாசிடரில் அவிகோ என்ற மாடலைப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன், தீர்த்தமலை அடிவாரத்தில், மாசி மகத்துக்கு வந்த கூட்டத்துக்கு நடுவில். 2004-இல் வந்த மாடல். மரப்பலகை ஒட்டிய மாதிரி டாஷ்போர்டு, வெளிர்மஞ்சள் சீட், நடுவில் வைத்த மீட்டர். வண்டிக்காரரிடம் மீட்டர் ஏன் நடுவில் என்று கேட்டேன். “நான் என்ன வேகத்துல போறேன்னு வீட்டுக்காரியும் பார்க்கணுமே” என்றார். அவ்வளவுதான் என் அனுபவம். மறுபடி ஒன்று கண்ணில் படவில்லை.

மறுபடியும் தர்மபுரி

ஓசூர் அண்ணனுக்கு: 2046 வரை நான் இருந்தால் பார்க்கலாம். ஆனால் திரிசங்குக்கு ஒரு லாபம் இருக்கிறது. உங்கள் மார்க் டூவுக்கு ஒரு கண்ணாடி பீடிங் தேட எத்தனை ஊர் அலைந்திருப்பீர்கள்? அம்பாசிடர் உற்பத்தி 2014 மே 24-இல்தான் நின்றது. அதனால் கீழ்ப்பக்கச் சாமான்கள் இன்னும் சாதாரணமாகக் கிடைக்கின்றன. எஞ்சின் பக்கம் ஏதாவது வேண்டுமென்றால் கான்டெஸா சாமான் பொருந்தும். யாரும் சேர்த்து வைக்காததால் விலையும் ஏறவில்லை.

பொருந்தாமல் போன கதையும் உண்டு. பெங்களூரில் ஒரு கடையில் ‘அம்பாசிடர் கிளட்ச் பிளேட்’ என்று கேட்டு வாங்கி வந்துவிட்டேன். தந்தது பழைய பி.எம்.சி. எஞ்சினுக்கு உரியது. கியர்பாக்ஸை இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது. வண்டி பன்னிரண்டு நாள் ஜாக்கியில் நின்றது. இந்த வண்டி வைத்திருப்பவர்கள் கடையில் ‘அம்பாசிடர்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘1800, இசுசூ’ என்று சொல்லுங்கள், முடிந்தால் பழைய சாமானைக் கையில் எடுத்துப் போங்கள்.

புளியமரத்தடியில் நின்றதன் பலனும் இருந்தது. கால் வைக்கும் தரைத்தகடு இரண்டு பக்கமும் பொத்தல். வாத்தியார் மிதியடிக்கு அடியில் ஒரு பழைய தேசப்படத்தை விரித்து வைத்திருந்தார், வகுப்பில் மாட்டுவார்களே, அந்தத் துணி மேப். அதைத் தூக்கினால் இலங்கை இருந்த இடத்தில் நேராக ரோடு தெரிந்தது. டிங்கரிங் வேலை மட்டும் ஒரு மாதம் இழுத்தது. பின்சக்கர பிரேக் சிலிண்டர்கள் இறுகிப்போயிருந்தன, மாற்றியாயிற்று. ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி கிரீஸ் வைத்ததும் முனகல் நின்றுவிட்டது.

மெக்கானிக் அண்ணன் இப்போது கட்சி மாறிவிட்டார். முதலில் அவரும் மார்க் டூ கிரில் வைக்கலாம், கல்யாண வாடகை நிறைய வரும் என்று ஆசை காட்டியவர்தான். போன வாரம் பென்னாகரம் வரை தானே ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார். இறங்கி சாவியைக் கொடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். “கிரில் எல்லாம் வேண்டாங்கண்ணா, இப்படியே இருக்கட்டும். பின்னாடி அந்த ஒரு எழுத்தை மட்டும் எங்கயாவது புடிச்சுப் போடுங்க.”

அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். யாரிடமாவது எடைக்குப் போகப்போகிற 1800-இன் டிக்கிக் கதவு இருந்தால் சொல்லுங்கள். முழு எழுத்து வேண்டாம், அந்த ‘இசட்’ மட்டும் போதும்.