செட்டிநாட்டுப் பலகார வலைப்பூ: கூகுளில் தெரிகிறது, ஆனால் யாரும் உள்ளே வருவதில்லை. உதவுங்கள்

பள்ளத்தூர் முற்றம்:
பிளாகரில் செட்டிநாட்டுப் பலகாரம், ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிப்பது), பழைய வீடுகள் பற்றி எழுதுகிறேன். கூகுள் தேடலில் நம் தளம் எப்படி வருகிறது என்று காட்டும் சர்ச் கன்சோலில் மூன்று மாதத்துக்கு இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் காட்டப்பட்ட தடவை) 6,200, கிளிக் 41. வருகிறவர்களும் ஒரே பக்கத்தோடு போய்விடுகிறார்கள். அதிகம் காட்டப்படுவது ‘செட்டிநாட்டுச் சுவை – பாகம் 7’ (வெள்ளைப் பணியாரம்). வாரம் மூன்று பதிவை ஐந்தாக்கினால் சரியாகுமா?

ரெண்டாங்கட்டு:
ஆகாது அக்கா. பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் அந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டி, ஆவரேஜ் பொசிஷனை (தேடல் முடிவில் சராசரியாக எத்தனையாவது இடம்) டிக் பண்ணுங்க. 30, 40 என்று வந்தால் உங்கள் பதிவு யார் கண்ணிலும் படவில்லை, தலைப்பைத் திட்டிப் பயனில்லை. 10-க்குள் இருந்தும் கிளிக் இல்லையென்றால் தலைப்புதான் கோளாறு. கீழே ‘குவரீஸ்’ பட்டியலில் என்ன தேடி வருகிறார்கள் என்றும் சொல்லுங்க.

பள்ளத்தூர் முற்றம்:
8.4 தம்பி. தேடல்கள்: ‘வெள்ளை பணியாரம் அளவு’, ‘பணியாரம் எண்ணெய் குடிக்குது’.

ரெண்டாங்கட்டு:
அப்ப தலைப்பேதான். ‘பாகம் 7’-இல் பணியாரம் இருப்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ‘வெள்ளைப் பணியாரம்: எண்ணெய் குடிக்காமல் வர அரிசி, உளுந்து அளவு’ என்று வையுங்க. பதிவின் இணைய முகவரியைத் தொடாதீங்க, மாற்றினால் பழைய இணைப்பெல்லாம் உடையும். இனி எழுதுகிற பதிவுக்கு மட்டும், வெளியிடும் முன்பே பெர்மாலிங்கில் (பதிவின் முகவரியை அமைக்கும் இடம்) ‘கஸ்டம்’ தேர்ந்து ஆங்கில எழுத்தில் பலகாரத்தின் பெயரைக் கொடுங்க. பிளாகர் தமிழ் எழுத்தை முகவரியில் சேர்க்காது. விட்டால் ‘பிளாக்-போஸ்ட்_12’ என்று ஒன்றுக்கும் உதவாத பெயரை அதுவே வைத்துவிடும்.

திண்ணை:
தலைப்பு மாறினால் வருவார்கள், தங்குவதற்கு அது போதாது. அந்தப் பதிவில் அளவு வருவதற்குமுன் பர்மா வணிகம் பற்றி நாலு பத்தி! மாவைக் கரைத்து வைத்துக்கொண்டு தேடுகிற ஆளுக்கு அதெல்லாம் எதற்கு? வரலாற்றைத் தனிப் பதிவாக்கிவிட்டு, இப்படித் தொடங்குங்க:

‘ஒரு டம்ளர் பச்சரிசி தலைதட்டி, அதன்மேல் கோபுரமாக நிற்கும் அளவு உளுந்து. சேர்த்து 2 மணி நேரம் ஊறட்டும். வெண்ணெயாக அரைத்து, கரண்டியில் எடுத்தால் தடையில்லாமல் விழும் பதத்துக்குக் கரைக்கவும். காய்ந்த எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்றவும்.’

அடுத்தே கோளாறுகள்: உளுந்து கூடினாலும், எண்ணெய் காயுமுன் ஊற்றினாலும் எண்ணெய் குடிக்கும், மாவு கெட்டியானால் கனத்துப்போகும். ஆள் தேடி வந்ததே இதற்குத்தான்.

படங்கள் போனில் எடுத்தபடியே ஏறியிருக்கின்றன, ஒவ்வொன்றும் 4 எம்பி. அகலம் 1200 பிக்சல், எடை 200 கேபிக்குள் குறைத்து ஏற்றுங்க.

பணியாரப் பதிவின் அடியில் ஆத்தங்குடிக் கல்லுக்கு இணைப்பு கொடுத்திருக்கீங்க. அந்த இடத்தில் கந்தரப்பம் மாதிரி இன்னொரு பலகாரப் பதிவின் இணைப்பு வரட்டும். கல்லைத் தேடுகிறவர் வேறு ஆள், அவர் கேள்வியும் வேறு. அது சுடாத சிமென்ட் கல், ஆசிட் ஊற்றிக் கழுவினால் நிறம் போகும் என்பதை அந்தப் பதிவின் முதல் வரியில் வையுங்க. லேபிளும் (பதிவுகளை வகை பிரிக்கும் குறிச்சொல்) தனித்தனியாக இருக்கட்டும்.

ரெண்டாங்கட்டு:
இன்னொன்று. ஓரத்தில் இருக்கிற மின்னஞ்சல் சந்தாப் பெட்டி கூகுளின் பழைய ஃபீட்பர்னர் பெட்டி. அந்த அஞ்சல் சேவை 2021-இலேயே நின்றுவிட்டது. அதை எடுத்துவிட்டு வாட்ஸப் சேனல் இணைப்பை வையுங்க. தலைப்பை மாற்றிய தேதியைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய 28 நாளையும் பிந்தைய 28 நாளையும் கன்சோலில் ஒப்பிட்டுப் பாருங்க. அதுவரை மறுபடி தலைப்பில் கை வைக்க வேண்டாம்.