புதுப்பிப்பு: பனியன் கம்பெனி பங்கு, பாதியை விற்றாச்சுங்க

திருப்பூர் பனியன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றின் பங்கை விற்கலாமா, தம்பியின் புதுமனைக்குப் பணம் வேண்டும் என்று முன்பு கேட்டிருந்தேனில்லைங்களா, பாதியை விற்றுவிட்டேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியபோதே தள்ளிவிடச் சொன்னவர்கள்தான் அதிகம். வாங்கி ஒரு வருடம் தாண்டட்டும் என்று ஒருவர் மட்டும் சொன்னார், அதுதான் உருப்படியான யோசனை. அதற்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம் வரி, தாண்டினால் 12.5, அதுவும் வருடத்துக்கு 1.25 லட்சம் லாபம் வரை ஒன்றுமே கிடையாது. என் லாபம் அதில் கால்வாசிகூட வராது, அதனால் வரி பூஜ்யம்.

மறுநாளே பணம் வந்துவிட்டது. சித்தப்பாதான் இன்னும் நம்பவில்லை. "ஏங்கண்ணு, பேசாம அன்னூர்ப் பக்கம் இடம் வாங்கிப் போட்டிருக்கலாமல்லோ?" என்கிறார். சென்ட் என்ன விலை என்று அவருக்கு யார் சொல்வது!

கோவை அவிநாசி ரோட்டு மேம்பாலத்தில் உப்பிலிபாளையம் டூ கோல்டுவின்ஸ் சிக்னலே இல்லாமல் பறக்கலாம், ஆனால் டீக்குக் கீழே இறங்கித்தானே ஆகணும். இறங்கினால் அங்கேயும் இதே பங்குப் பேச்சு.

சரி, மீதிப் பாதி இப்போதைக்கு அப்படியே இருக்கும். தங்கமாக மாற்றச் சொன்னவர்களுக்கு: வீட்டம்மாவும் உங்கள் கட்சிதான், நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.