ஆட்டக்காரியாக இருந்து தேசிய அணிப் பயிற்சியாளராக: சரீனா வீக்மன் கடந்து வந்த இடைக்காலம்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு தாய்

இங்கிலாந்து மகளிர் கால்பந்து அணியின் பயிற்சியாளர் சரீனா வீக்மனைப் பற்றி வரும் செய்திகள் எல்லாம் அவர் வென்ற கோப்பைகளையே பேசுகின்றன. 2017இல் நெதர்லாந்துக்கும், 2022, 2025 ஆகிய ஆண்டுகளில் இங்கிலாந்துக்கும் ஐரோப்பியக் கோப்பையைப் பெற்றுத் தந்தவர் என்பது எனக்குத் தெரியும். நான் அறிய விரும்புவது அதற்கு முந்தைய காலத்தை. களத்தில் ஆடுவதை நிறுத்தியதற்கும் தேசிய அணியின் பொறுப்பை ஏற்றதற்கும் நடுவில் அவர் என்ன வேலை பார்த்தார், பயிற்சி கொடுக்க எங்கே கற்றார் என்று விவரமாகத் தெரிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

கேட்பதற்குக் காரணம் என் மகள். பாலக்காட்டில் கல்லூரி அணியில் தற்காப்பு ஆட்டக்காரியாக இருந்தவளுக்கு முழங்காலில் ஏசிஎல் என்ற இணைப்பு நார் கிழிந்து அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது. இனி முன்பு போல ஆட முடியுமா என்பது நிச்சயமில்லை. ஆனால் மாலை நேரங்களில் எங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்துக்குப் போய், கூம்புகளுக்குப் பதிலாகத் தேங்காய்ச் சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்து, சிறு பெண்களைப் பந்தோடு வளைந்து வளைந்து ஓடவிடுகிறாள். பயிற்சியாளராகப் போகிறேன் என்கிறாள். வீட்டில் மற்றவர்கள் அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படி என்கிறார்கள். எனக்கு அவளைத் தடுக்க மனமில்லை. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவும் மனமில்லை.

பதில் 1: ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர், சித்தூர் வட்டம்

அம்மா, நீங்கள் கேட்டிருக்கும் அந்த இடைக்காலம்தான் வீக்மனின் வாழ்க்கையில் பெரிய பகுதி. ஆட்டக்காரியாக அவர் 2003இல் ஓய்வு பெற்றார். தேசிய அணியின் முழுப் பொறுப்பு 2017 ஜனவரியில்தான் கைக்கு வந்தது. அந்த ஆண்டுகளைச் சொல்வதற்கு முன் அவர் ஆடிய காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1969இல் தி ஹேக் நகரில் பிறந்தவர். அவர் சிறுமியாக இருந்தபோது பெண் குழந்தைகளுக்கென்று தனி அணி கிடையாது என்பதால் முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு பையன்களோடு ஆடினார். 1987இல், பதினேழு வயதில், நெதர்லாந்து அணிக்கு முதல் ஆட்டம். அடுத்த ஆண்டு சீனாவில் ஃபிஃபா வெள்ளோட்டமாக நடத்திய மகளிர் போட்டியில் ஆடியபோது அமெரிக்கப் பயிற்சியாளர் ஆன்சன் டோரன்ஸின் கண்ணில் பட்டு, 1989இல் வட கரோலினா பல்கலைக்கழக அணிக்குப் போனார். பின்னாளில் அமெரிக்க அணியின் நட்சத்திரங்களான மியா ஹாம், கிறிஸ்டின் லில்லி ஆகியோர் அங்கே அவருடன் ஆடியவர்கள். பெண்கள் கால்பந்துக்கென்று மைதானமும் பயிற்சியாளரும் கால அட்டவணையும் இருக்கும் ஓர் இடத்தை அவர் முதன்முதலாகப் பார்த்தது அங்கேதான். பிறகு ஊர் திரும்பி டெர் லேடே என்ற கிளப்புக்கு ஆடி 2001, 2003 ஆகிய ஆண்டுகளில் நாட்டின் சாம்பியன் பட்டத்தை வென்றார். நடுக்களத்தில் தொடங்கி, பிற்காலத்தில் உங்கள் மகளைப் போலத் தற்காப்பு வரிசைக்கு வந்தவர். தேசிய அணியின் தலைவியாகவும் இருந்தவர். இத்தனைக்குப் பிறகும் ஆட்டம் அவருக்குச் சோறு போடவில்லை. தி ஹேக்கில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்தார்.

இந்த ஆசிரியை வேலையைத்தான் பலரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். நானும் அதே தொழிலில் இருந்தவன் என்பதால் சொல்கிறேன்: ஆர்வமுள்ள ஐந்து பேரும் ஆர்வமே இல்லாத முப்பது பேரும் இருக்கும் வகுப்பை ஒரு பீரியட் நேரத்துக்குள் பந்தைத் தொட வைப்பது எப்படி என்று தெரிந்துகொண்டவருக்கு, பயிற்சியாளர் தொழிலின் பாதி கைவந்துவிடுகிறது. யாரிடம் குரலை உயர்த்தலாம், யாரைத் தனியே அழைத்துப் பேச வேண்டும் என்பது எந்தப் பயிற்சி முகாமிலும் சில நாள்களில் வந்துவிடாது.

2006இல் தன் பழைய கிளப்பான டெர் லேடேயிலேயே பயிற்சியாளரானார். 2007இல் நெதர்லாந்தில் பெண்களுக்கான உயர்நிலை லீக் தொடங்கப்பட்டபோது ஏடிஓ டென் ஹாக் கிளப் அவரைப் பொறுப்பில் அமர்த்தியது. அங்கே ஏழு ஆண்டுகள் இருந்தார். 2012இல் லீக் பட்டமும் கோப்பையும் ஒரே பருவத்தில் கிடைத்தன. 2014இல் தேசிய அணிக்கு வந்தார், அதுவும் உதவிப் பயிற்சியாளராக. இடையே ஐரோப்பாவின் மிக உயர்ந்த பயிற்சியாளர் உரிமமான யூஃபா புரோ படிப்பை முடித்தார். அதன் பகுதியாக ஸ்பார்ட்டா ரோட்டர்டாம் என்ற ஆண்கள் தொழில்முறைக் கிளப்பிலும் பயிற்சி பெற்றார். 2016 டிசம்பரில் அப்போதைய பயிற்சியாளர் நீக்கப்பட்டபோது தற்காலிகமாகவும், சில வாரங்களில் நிரந்தரமாகவும் அணி அவரிடம் வந்தது. 2017 ஆகஸ்ட் மாதமே, சொந்த நாட்டில், டென்மார்க்கை 4–2 என்று வென்று கோப்பை.

ஏழு மாதத்தில் கோப்பை வென்றார் என்று எழுதுகிறார்கள். அந்த அணியின் பெண்களை உதவிப் பயிற்சியாளராக ஏற்கெனவே அவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பார்த்திருந்தார் என்பதைச் சேர்த்து எழுதினால்தான் கணக்கு சரியாகும்.

பதில் 2: மூணாற்றிலிருந்து, தேயிலைத் தோட்ட அணியின் முன்னாள் ஆட்டக்காரர்

ஆசிரியர் ஐயா எழுதியதை மதிக்கிறேன். ஆனால் அவர் எல்லாவற்றையும் வீக்மனின் பொறுமைக்கே வரவு வைக்கிறார். அதில் எனக்கு உடன்பாடில்லை. 2007இல் நெதர்லாந்தில் அந்த லீக் தொடங்கப்படாமல் இருந்திருந்தால் அவர் இன்றும் பள்ளியில் விசில் ஊதிக்கொண்டிருந்திருப்பார். வேலை இருந்தால்தான் வேலைக்காரர் உருவாக முடியும்.

நம் பக்கத்தைப் பாருங்கள். 1980இல் ஆசிய மகளிர் சாம்பியன்ஷிப் நடந்தது நம் கோழிக்கோட்டில்தான். அதில் இந்திய அணி இறுதி ஆட்டம் வரை போய் இரண்டாமிடம் பெற்றது. 1983இல் பாங்காக்கிலும் இரண்டாமிடம். அப்படி ஆடிய தலைமுறையைச் சேர்ந்த பெண்கள் ஆட்டம் முடிந்த பிறகு பயிற்சியாளராகச் சேர்ந்து சம்பளம் வாங்க ஒரு தேசிய லீக் இருந்ததா? இந்திய மகளிர் லீக் 2016–17இல்தான் தொடங்கியது. நெதர்லாந்தைவிடக் கிட்டத்தட்ட பத்து ஆண்டுகள் பின்தங்கி. தொடங்கிய கொஞ்ச காலத்திலேயே மதுரை சேது எஃப்சி 2019இல் வென்றது. அடுத்த மூன்று பட்டங்களைத் தொடர்ச்சியாகக் கோகுலம் கேரளா எடுத்தது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டக்காரிகளுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை என்பதற்கு இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

இந்திய ஆட்டக்காரிகளில் இதே பாதையில் வந்தவர் கோவாவின் மேமோல் ராக்கி. இந்தியாவுக்காக ஆடியவர், 2017 முதல் 2021 வரை தேசிய அணியின் தலைமைப் பயிற்சியாளர். அவர் காலத்தில்தான் இந்தியா ஒலிம்பிக் தகுதிப் போட்டியின் இரண்டாம் சுற்றுக்கு முதன்முறையாக முன்னேறியது. 2019இல் விராட்நகரில் நேபாளத்தை அதன் சொந்த மண்ணில் 3–1 என்று வென்று தெற்காசியக் கோப்பையையும், அதே ஆண்டு தெற்காசிய விளையாட்டில் தங்கத்தையும் அணி எடுத்தது. அவரைப் பற்றித் தமிழில் எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? வீக்மனைத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு மேமோல் ராக்கியைத் தெரியவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

எங்கள் தோட்டங்களில் ஆண்கள் ஆட்டம் நடக்கும் நாளில் மலை முழுக்கக் கூட்டம் கூடும். கொழுந்து பறித்துவிட்டு வரும் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பக்கத்து மேட்டில் நின்று, யார் ஆஃப்சைடில் நிற்கிறார் என்று லைன்ஸ்மேனுக்கு முன்பே சத்தம் போட்டுச் சொல்வார்கள். ஆட்டத்தை அந்த அளவுக்குப் படித்தவர்களை யாரும் ஒருநாளும் மைதானத்துக்குள் கூப்பிட்டதில்லை. உங்கள் மகளைத் தயவுசெய்து தடுக்காதீர்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயாவின் பதிலை மகளிடம் படித்துக் காட்டினேன். அவள் கேட்டது ஒன்றுதான்: வீக்மனும் மேமோல் ராக்கியும் நாட்டுக்காக ஆடியவர்கள்; நான் மாவட்ட அளவைத் தாண்டாதவள்; என்னை யார் பயிற்சியாளராக ஏற்பார்கள்? இதற்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் 3: பாறசாலை – களியக்காவிளைப் பகுதியில் பெண்கள் அணிக்குப் பயிற்சி தருபவர்

அக்கா, உங்கள் மகளிடம் ஜில் எல்லிஸின் பெயரைச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் பிறந்து பதினைந்து வயதில் அமெரிக்காவுக்குக் குடியேறியவர். கல்லூரி அணியில் ஆடியதோடு சரி, எந்த நாட்டின் மூத்த அணிக்கும் ஆடியதில்லை. பல்கலைக்கழக அணிகளில் உதவிப் பயிற்சியாளராகத் தொடங்கி, அமெரிக்க அணியின் பயிற்சியாளராக 2015, 2019 ஆகிய இரண்டு உலகக் கோப்பைகளையும் வென்றார். அந்த 2019 இறுதி ஆட்டத்தில் அவரிடம் 2–0 என்று தோற்ற நெதர்லாந்து அணியின் பயிற்சியாளர் வீக்மன்தான். பல ஆண்டுகள் நாட்டுக்காக ஆடியவரும் ஒருமுறைகூட ஆடாதவரும் ஒரே களத்தின் ஓரத்தில் நின்றார்கள்.

ஆடிய அனுபவத்தால் பயனில்லை என்று நான் சொல்லவில்லை. பயிற்சியாளர் சொல்வதை ஆட்டக்காரிகள் நம்புவதற்கு அது முதல் நாளில் உதவும். பிறகு பயிற்சியாளரின் கண் எப்படி என்பதுதான் கேள்வி. 2022 ஐரோப்பியக் கோப்பையில் வீக்மன் ஆறு ஆட்டங்களையும் ஒரே பதினொருவரைக் கொண்டு தொடங்கினார். அப்படிச் செய்தால் வெளியே உட்கார்ந்திருப்பவர்கள் மனம் சோர்ந்துபோவது வழக்கம். ஜெர்மனிக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் 56ஆம் நிமிடத்தில் எல்லா டூனை இறக்கினார். 62ஆம் நிமிடத்தில் அவர் கோல் அடித்தார். ஜெர்மனி சமன் செய்து ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போன பின், 110ஆம் நிமிடத்தில் வெற்றி கோலை அடித்த குளோயி கெல்லியும் மாற்று ஆட்டக்காரியே. போட்டி முழுக்கத் தொடக்கப் பதினொருவரில் இடம் பெறாதவர்களை, கடைசி நாளில் இறக்கினால் உயிரைக் கொடுத்து ஆடும் மனநிலையில் வைத்திருந்தாரே, அதுதான் பயிற்சி. மாதக்கணக்கில் காயத்தோடு வெளியே உட்கார்ந்த ஒரு பெண்ணுக்கு அந்த மனநிலையை யாரும் விளக்கத் தேவையில்லை.

இனி நடைமுறை. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் டி உரிமம் தொடக்கநிலைப் பயிற்சியாளர் படிப்புகளில் ஒன்று. அதற்கு மேல் ஆசியக் கூட்டமைப்பின் சி, பி, ஏ, அதன் பின் புரோ. மேலே போகப் போக ஓர் அணியோடு வேலை செய்த அனுபவத்தை எதிர்பார்ப்பார்கள் என்பதால், சான்றிதழ் வாங்கிய பிறகு அணி தேடலாம் என்று காத்திருக்கக் கூடாது. அந்தச் சிரட்டைகளோடு ஆடும் சிறுமிகளே அணிதான், அவர்கள் வருகையையும் பயிற்சித் திட்டத்தையும் இப்போதே ஒரு நோட்டில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். நான் போன முகாமில் வகுப்பு மலையாளமும் ஆங்கிலமும் கலந்து நடந்தது. தமிழ்வழியில் படித்த நான் முதல் நாள் திணறினேன். களப்பயிற்சி தொடங்கியதும் அந்தத் தடை பெரும்பாலும் மறைந்துவிட்டது. செயல்முறையில் சில பயிற்சிகளை நாமே செய்துகாட்ட வேண்டியிருக்கும், ஆகையால் முழங்காலுக்கு மருத்துவர் அனுமதி தந்த பிறகு விண்ணப்பிப்பது நல்லது.

வருமானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். டி உரிமத்தோடு நம் பகுதியில் முழுநேரச் சம்பளம் கிடைப்பது அரிது. வீக்மன் ஆசிரியை வேலையில் இருந்துகொண்டே வளர்ந்ததை உங்கள் வீட்டாரிடம் எடுத்துச் சொல்லுங்கள். உடற்கல்வியில் பட்டம் எடுத்தால் வேலையும் கால்பந்தும் ஒன்றோடொன்று மோதாது. மூணாறு அண்ணன் சொன்னது போல வேலை வாய்ப்புகள் இங்கே குறைவுதான், உலக அளவிலும் நிலைமை முழுதாக மாறிவிடவில்லை: 2023 மகளிர் உலகக் கோப்பையில் ஆடிய 32 அணிகளில் 12 அணிகளுக்கு மட்டுமே பெண்கள் தலைமைப் பயிற்சியாளர்களாக இருந்தார்கள். ஆனால் பெண் பிள்ளைகளை மாலைப் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் எங்கள் கடலோர ஊர்களில் முதலில் கேட்பது "சொல்லிக் கொடுக்க டீச்சர் இருக்காங்களா" என்றுதான். அந்தக் கேள்விக்கு ஆம் என்று சொல்ல ஆள் இல்லாத பள்ளிகள் பாலக்காட்டிலும் இருக்கும். மகள் எந்த வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்ய விரும்புகிறாள் என்று எழுதுங்கள். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான என் பயிற்சிக் குறிப்புகளைத் தமிழிலேயே இங்கே போடுகிறேன்.