தெருக்கூத்து வீடியோ 340 ஜிபி: ஆறு வீடுகளுக்குப் பகிர எந்த மென்பொருள்?

கூத்துப்பெட்டி (சாட்ஸ்வொர்த், டர்பன்):

எல்லோருக்கும் வணக்கம். என் அப்பா கூத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். டோங்காட், வெருலம், ஸ்டேங்கர் என்று கோயில் வாசல்களில் விடியவிடிய நடந்த கூத்துகளை அவர் கூட்டாளி ஒருவர் கேமராவில் பிடித்து வைத்திருந்தார். இங்கே தென்னாப்பிரிக்காவில் இளசுகளிடம் தெருக்கூத்து என்றால் புரியாது, 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்றால்தான் தெரியும். மொத்தம் 61 விஹெச்எஸ் டேப். சிலதில் பூஞ்சை. இரண்டு வருஷமாக ஒவ்வொன்றாக ஓட்டி, கணினியில் ஏற்றி முடித்துவிட்டேன். 340 ஜிபி வந்திருக்கிறது.

ஆடியவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. அவர்களுடைய பிள்ளைகள் ஐந்து வீடு, என் வீடு ஒன்று. ஆறு வீட்டிலும் முழுசாக ஒரு பிரதி இருக்க வேண்டும் என்பது என் ஆசை. "குடும்பத்துக்குள் இருக்கட்டும், யூடியூபில் போடாதீர்கள்" என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அது அவர்கள் உரிமை.

போன மாதம் சின்க்திங் (பல கணினிகளில் ஒரே ஃபோல்டரை ஒரே மாதிரி வைத்திருக்கும் மென்பொருள்) போட்டுப் பார்த்தேன். ஒரு வீட்டில் பையன் டிஸ்க்கில் இடம் இல்லை என்று ஒரு ஃபோல்டரை அழித்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் என் கணினியிலும் அது காணோம், மற்ற வீடுகளிலும் காணோம். தனியாக ஒரு ஹார்டு டிஸ்க்கில் நகல் வைத்திருந்ததால் பிழைத்தேன். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

முன்னே கோப்புப் பகிர லைம்வயர், ஈமியூல் எல்லாம் பயன்படுத்தியிருக்கிறேன். இப்போது தேடினால் ஏமியூல், ஷேரியாசா, ஃப்ராஸ்ட்வயர், க்யூபிட்டாரண்ட் என்று வருகிறது, ஒவ்வொன்றுக்கும் வேறு நாலு 'மோட்' (ஆளாளுக்கு மாற்றியமைத்த பதிப்பு) வருகிறது. இதில் எதை நம்பி வைக்கலாம்? என் லைனில் அப்லோடு 10 எம்பிபிஎஸ்தான்.

மாரிட்ஸ்பர்க்காரன்:

அண்ணா, முதலில் அந்தப் பையனைத் திட்டாதீர்கள். ஒரு இடத்தில் நடக்கும் மாற்றத்தை எல்லா இடத்துக்கும் கொண்டுபோவதுதான் சின்க்திங்கின் வேலை. அழிப்பதும் அதற்கு ஒரு மாற்றம். உங்கள் கணினியில் அந்த ஃபோல்டரை 'செண்ட் ஒன்லி' என்றும், மற்ற வீடுகளில் 'ரிசீவ் ஒன்லி' என்றும் வைத்திருந்தால் அங்கே அழித்தது அங்கேயே நின்றிருக்கும். 'ஃபைல் வெர்ஷனிங்' போட்டிருந்தால் அழிந்தது ஒரு மூலையில் பத்திரமாக இருந்திருக்கும்.

ஆனாலும் இனி மாறவே போகாத கோப்புகளுக்கு நான் டாரண்ட்தான் (கணினிகள் கோப்பைத் துண்டுகளாக ஒன்றுக்கொன்று நேரடியாகப் பகிரும் முறை) சொல்வேன். காரணம் உண்டு. டாரண்ட் செய்யும்போது கோப்பைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ஹேஷ் (கைரேகை மாதிரி ஒரு எண்) கணக்கிட்டு, 'டாரண்ட் கோப்பு' என்ற சின்னக் கோப்பில் எழுதி வைத்துவிடும். ஒரு வீட்டில் ஒரு துண்டு கெட்டால் அந்தத் துண்டை மட்டும் வேறு வீட்டிலிருந்து எடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். யாராவது அழித்தாலும் அவர் வீட்டில் மட்டும்தான் போகும். டேப் மாதிரி விஷயத்துக்கு இதுதான் வேண்டும்.

கணக்கையும் பாருங்கள். 10 எம்பிபிஎஸ்ஸில் 340 ஜிபி ஒரு தடவை வெளியே போகவே மூன்று நாளுக்கு மேல் ஆகும். ஐந்து வீட்டுக்கும் தனித்தனியாக அனுப்பினால் பதினைந்து நாளைத் தாண்டும். டாரண்டில் வாங்கிய துண்டை அவர்களே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள்.

61 டேப்பையும் ஒரே டாரண்டில் கட்டாதீர்கள். ஒரு முறை செய்த டாரண்டில் பிறகு எதையும் சேர்க்க முடியாது. டேப்புக்கு ஒன்றாகச் செய்தால், நாளைக்கு யார் வீட்டுப் பரணிலிருந்தாவது இன்னொரு டேப் கிடைத்தாலும் பழையதைத் தொட வேண்டாம்.

மேர்பேங்க் அக்கா:

தம்பி, மோட் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு நான் சொல்கிறேன். 2003-லிருந்து இதோடு பழகியவள்.

ஈமியூல் 2002-இல் வந்தது, ஈடாங்கி என்ற பழைய பகிர்வு மென்பொருள் பிடிக்காமல் ஒருவர் எழுத ஆரம்பித்தது. நிரல் யாரும் எடுத்து மாற்றலாம் என்று திறந்து கிடந்ததால் ஆளுக்கொரு மோட் செய்தார்கள். நல்லவையும் இருந்தன, மற்றவர்களிடம் கோப்பை வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்காதவையும் இருந்தன. லினக்ஸ் பக்கம் எல்மியூல், அதிலிருந்து எக்ஸ்மியூல், அதிலிருந்து ஏமியூல். லைம்வயரிலிருந்து 2004-இல் பிரிந்தது ஃப்ராஸ்ட்வயர். 2010-இல் நீதிமன்றத் தடையில் லைம்வயர் நின்றது. ஃப்ராஸ்ட்வயர் அடுத்த வருஷமே பழைய நுடெல்லா பகிர்வு வலையை விட்டு டாரண்டுக்கு மாறிவிட்டது.

ஷேரியாசா கதைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2004-இல் நிரலைத் திறந்துவிட்டார்கள், ஆர்வலர்கள் வளர்த்தார்கள். 2007 கடைசியில் அதன் இணைய முகவரி வேறு ஆள் கைக்குப் போய், அதே பெயரில் வேறு மென்பொருளை அங்கே வைத்தார்கள். உண்மையான ஷேரியாசா சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற திறந்த நிரல்களுக்கான தளத்துக்குக் குடிபெயர்ந்தது. நிரல் திறந்திருக்கிறது என்பதால் மட்டும் எங்கிருந்து வேண்டுமானாலும் இறக்கலாம் என்று நினைக்காதீர்கள். 2016-இல் டிரான்ஸ்மிஷன் என்ற டாரண்ட் மென்பொருளின் சொந்தத் தளத்திலேயே மேக் பதிப்பில் பணம் பறிக்கும் நிரலை நுழைத்துவிட்டார்கள். இறக்கியதும் ஹேஷ் சரிபாருங்கள், எழுதியவர்களின் டிஜிட்டல் கையொப்பம் இருந்தால் அதையும் பாருங்கள்.

உங்களுக்கு மோட் எதுவுமே வேண்டாம். சாதாரண க்யூபிட்டாரண்ட் போதும். டாரண்ட் செய்யும்போது 'பிரைவேட்' என்பதை டிக் செய்யுங்கள். அப்போது டிஹெச்டி (டாரண்ட் வைத்திருப்பவர்களைத் தேடித்தரும் பொது வலை) வழியாக வெளியே பரவாது. அதற்கு ஒரு டிராக்கர் (யார் யாரிடம் அந்த டாரண்ட் இருக்கிறது என்று சொல்லும் நிரல்) வேண்டும், அதுவும் க்யூபிட்டாரண்டுக்குள்ளேயே இருக்கிறது. அட்வான்ஸ்ட் பகுதியில் 'எம்பெடட் டிராக்கர்' என்று பாருங்கள். ரௌட்டரில் அதற்கும் டாரண்டுக்கும் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வாசல்) திறந்துவிட வேண்டும். லைன்காரர் உங்களுக்குப் பப்ளிக் ஐபி (வெளியிலிருந்து எட்டக்கூடிய இணைய முகவரி) தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் மற்றவர்கள் உங்கள் கணினியை எட்ட முடியாது.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள்: 'பிரைவேட்' என்பது பூட்டு இல்லை. டாரண்ட் கோப்பு யார் கையில் கிடைத்தாலும் அவர் இறக்கலாம். அந்தக் குடும்பங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். கோப்பை வாட்ஸ்அப் குரூப்பில் போடாமல் நேரில் கொடுங்கள்.

மாரிட்ஸ்பர்க்காரன்:

அக்கா சொன்னதோடு இன்னொன்று. 2009-இல் ஹோவிக்கிலிருந்து ஹில்கிரஸ்ட்டுக்கு வின்ஸ்டன் என்ற புறா 4 ஜிபி கார்டைச் சுமந்து பறந்ததே, ஞாபகம் இருக்கிறதா? சுமார் 80 கிலோமீட்டர். பறந்து வந்து, கார்டிலிருந்து கணினியில் ஏற்றி முடித்தபோது, ஏடிஎஸ்எல் இணைய லைனில் 4 சதவீதம்தான் போயிருந்தது. எதற்குச் சொல்கிறேன் என்றால், முதல் பிரதியை நீங்கள் லைனில் அனுப்பவே வேண்டாம். ஹார்டு டிஸ்க்கில் கொண்டுபோய், அவர்கள் கணினியில் அதே பெயரில் நகலெடுத்து, டாரண்டைச் சேர்த்து 'ஃபோர்ஸ் ரீசெக்' கொடுங்கள். எல்லாத் துண்டையும் படித்துப் பார்த்து நூறு சதவீதம் காட்டும். அதன்பின் அந்த வீடும் மற்றவர்களுக்குக் கொடுக்கத் தயார்.

கூத்துப்பெட்டி:

அக்காவுக்கும் தம்பிக்கும் ரொம்ப நன்றி. சனிக்கிழமை டிஸ்க்கை எடுத்துக்கொண்டு டோங்காட்டுக்கும் வெருலத்துக்கும் போய்வந்தேன். டோங்காட்டில் எல்லாம் நூறு. வெருலத்தில் 17-வது டேப் 99.6-இல் நின்றது, நகலெடுக்கும்போது எங்கோ கெட்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்தே இருக்காது. ராத்திரி டோங்காட் வீட்டிலிருந்தும் என் வீட்டிலிருந்தும் மிச்சத்தை எடுத்துத் தானாகவே சரியாகிவிட்டது. அந்த வீட்டு ஆயா கூடவே உட்கார்ந்து பார்த்தார். பாரதக் கூத்தில் திரௌபதி வேஷம் கட்டிய தன் வீட்டுக்காரரைக் காட்டிக் காட்டிப் பேரனுக்குச் சொன்னார்.

இன்னும் மூன்று வீடு பாக்கி. அப்புறம் ஒரு உதவி. ஸ்டேங்கரில் எடுத்த டேப் ஒன்றில் கட்டியக்காரனாக ஆடுபவர் யார் என்று அந்த ஐந்து குடும்பத்திலும் யாருக்கும் தெரியவில்லை. இடது கையில் தாயத்து, குரல் கொஞ்சம் கரகரப்பு. அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால் எழுதுங்கள், டேப்போடு நேரில் வருகிறேன்.