கணினியை டிவியில் இணைத்தால் ஓரம் வெட்டுப்படுகிறதா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

தஞ்சாவூர், பள்ளி ஆசிரியை

எங்கள் வகுப்பறைச் சுவரில் 43 அங்குல டிவி ஒன்றை மாட்டிக் கொடுத்தார்கள். மடிக்கணினியை எச்.டி.எம்.ஐ. கேபிளால் இணைத்ததும் படம் பளிச்சென்று வந்தது. ஆனால் நான்கு ஓரமும் திரைக்கு வெளியே போயிருந்தன. ஸ்டார்ட் பொத்தான் இல்லை, மூடும் குறி இல்லை, எக்செல் தாளின் இடது ஓரத்து வரிசை எண்களும் இல்லை. புள்ளியியல் பாடத்தில் "ஏழாவது வரிசையைப் பாருங்கள்" என்றால் பிள்ளைகள் எதைப் பார்ப்பார்கள்?

மாட்டிக் கொடுத்தவரிடம் கேட்டேன். கணினியின் கிராபிக்ஸ் அமைப்பில் படத்தைச் சுருக்கச் சொன்னார். சுருக்கியதும் ஓரங்கள் வந்துவிட்டன, எழுத்துகள் மங்கிவிட்டன. "மூன்றா எட்டா என்று தெரியவில்லை டீச்சர்" என்றாள் கடைசி பெஞ்சு மாணவி. ஒரு குழந்தை கணக்கில் தடுமாறுவதற்குத் திரை காரணமாக இருக்கக் கூடாது என்ற கோபத்தில் டிவி ரிமோட்டைக் கையில் எடுத்து மெனு முழுவதையும் அலசினேன். படத்தின் அளவு என்ற இடத்தில் '16:9' என்று இருந்ததை 'ஸ்கிரீன் ஃபிட்' என்று மாற்றினேன். கணினியில் செய்திருந்த சுருக்கத்தையும் நீக்கினேன். ஓரமும் வந்தது, எழுத்தும் தெளிந்தது.

உங்கள் டிவியில் இந்த அமைப்பு எந்தப் பெயரில் இருந்தது, அதற்கு முன் யார் என்ன சொல்லி அலைக்கழித்தார்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். அடுத்து வருகிறவர்களுக்கு உதவும்.

திருநெல்வேலி, டிவி பழுது பார்ப்பவர்

டீச்சர், நீங்கள் கடைசியில் செய்ததுதான் சரியான வழி. ஓரம் இப்படி வெட்டுப்படுவதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர். டிவி கெட்டுப்போகவில்லை, கேபிளிலும் குறை இல்லை. பழைய படக்குழாய் டிவி காலத்து வழக்கம் இன்னும் போகாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

படக்குழாய்க்குள் ஒரு எலக்ட்ரான் கற்றை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக ஓடிப் படத்தை வரைகிறது. மின்னழுத்தம் ஏறி இறங்கினால் படமும் விரியும், சுருங்கும். மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கிய தெருக்களில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்த டிவிகளை நான் எத்தனையோ சரிசெய்திருக்கிறேன். பாகங்கள் பழசானாலும் இதே கதை. அதனால் தொழிற்சாலையிலேயே படத்தைத் திரையைவிடச் சற்றுப் பெரிதாக வைத்து அனுப்புவார்கள். ஓரத்தில் சில விழுக்காடு திரைச் சட்டத்துக்குப் பின்னால் மறைந்துவிடும். ஒளிபரப்புகிறவர்களுக்கும் இது தெரியும். அகலத்திலும் உயரத்திலும் எழுத்துகள் நடுவிலுள்ள 80 விழுக்காட்டுக்குள், முக்கியமான அசைவுகள் 90 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி.

ஓரத்தில் அழுக்கும் உண்டு. நம் நாட்டின் பழைய அனலாக் ஒளிபரப்பில் இருந்த 'பால்' (PAL) முறையில் ஒரு ஃபிரேமுக்கு, அதாவது ஒரு முழுப் படத்துக்கு, 625 வரிகள், அவற்றில் 576 மட்டுமே படம். மிச்ச வரிகளில் டெலிடெக்ஸ்ட் (டிவியில் எழுத்தாக வந்த தகவல் சேவை) போன்றவை போகும். பழைய கல்யாண கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: படத்தின் அடியில் ஒரு பட்டை கிழிந்து துடித்துக்கொண்டே இருக்கும். வி.எச்.எஸ். கருவியில் டேப்பைப் படிக்கும் ஹெட் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம் அது. டிவியில் பார்த்தவரை யாரும் அதைக் கண்டதில்லை, ஓவர்ஸ்கேன் மறைத்துவிட்டது.

எல்.சி.டி. வந்த பிறகு படத்தின் ஒவ்வொரு புள்ளியும் (பிக்சல்) அதனதன் இடத்தில் அசையாமல் இருக்கிறது. இருந்தும் எச்.டி.எம்.ஐ. வழியே 720 வரியோ 1080 வரியோ வந்தால் பல டிவிகள் அதை ஒளிபரப்பு என்று எடுத்துக்கொண்டு பெரிதாக்கிவிடுகின்றன. கணினிக்கென்றே இருக்கும் பழைய வி.ஜி.ஏ. துளையில் இணைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை வராததன் காரணமும் இதுவே. அங்கே வருவது கணினி என்று டிவிக்குத் தெரியும்.

பெயர் கேட்டீர்கள். சாம்சங்கில் நீங்கள் சொன்ன 'ஸ்கிரீன் ஃபிட்', எல்.ஜி.யில் 'ஜஸ்ட் ஸ்கேன்', சோனியில் 'ஃபுல் பிக்சல்', ஷார்ப்பில் 'டாட் பை டாட்', பிலிப்ஸில் 'அன்ஸ்கேல்ட்'. பானாசோனிக்கில் நேராகவே ஓவர்ஸ்கேன் என்று இருக்கும், அதை அணைக்க வேண்டும். புதிய மாடல்களில் சொல் சற்று மாறலாம், ஆனால் படத்தின் அளவு அல்லது விகிதம் என்ற தலைப்புக்குள்தான் தேட வேண்டும்.

சிவகாசி, டி.டி.பி. வடிவமைப்பாளர்

அண்ணாச்சி சொன்னது எங்கள் அச்சுத் தொழிலில் வெட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் கூடுதலாக நிறம் விடுவதைப் போலவே இருக்கிறது. கத்தி சற்று விலகினாலும் வெள்ளைக் கோடு விழாது. ஆனால் கணினித் திரையில் வெட்டுக்கு விட்ட இடம் என்று எதுவுமே இல்லை. கடைசிப் பிக்சல் வரை வேலை நடக்கிறது.

வாடிக்கையாளர்களுக்கு வடிவமைப்பைப் பெரிய திரையில் காட்டுவதற்காக டிவி வாங்கினேன். ஓரம் போனதும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1920-க்கு 1080 படத்தில் 5 விழுக்காடு போகிறது என்று வையுங்கள். திரையில் எஞ்சுவது 1824-க்கு 1026. இடப்புறம் 48 பிக்சல், வலப்புறம் 48, மேலே 27, கீழே 27 போய்விடுகின்றன. விண்டோஸ் 10-இல் டாஸ்க்பாரின் உயரமே 40 பிக்சல். அதில் 27 போனால் கடிகாரத்தை எப்படிப் படிப்பது?

டீச்சரின் எழுத்து ஏன் மங்கியது என்பதும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. கணினி 1920 பிக்சலை 1824-க்குள் நெருக்கி அனுப்புகிறது, டிவி அதைத் திரும்ப 1920-க்கு இழுக்கிறது. இரண்டு முறை கலைத்து அடுக்கிய பிறகு எழுத்தின் மெல்லிய கோடு எப்படி முழுதாக நிற்கும்? தமிழ் எழுத்துகளின் சுழிகளுக்கு இது இன்னும் மோசம், 'ண'வும் 'ன'வும் ஒன்றாகத் தெரியும். கணினியில் சுருக்குவதை முதல் மருந்தாகச் சொல்கிறவர்கள் மீது எனக்கு உண்மையான வருத்தம் உண்டு. டிவியில் வழியே இல்லை என்று உறுதியான பிறகுதான் அதைத் தொட வேண்டும்.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. திரையின் அளவிலேயே ஒரு படம் செய்து, ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று மாறி மாறிக் கோடு போடுங்கள். சுற்றிலும் ஒரு பிக்சல் சிவப்புக் கட்டம். அதை டெஸ்க்டாப் பின்னணியாக வைத்து அருகில் போய்ப் பாருங்கள். சிவப்பு நான்கு பக்கமும் தெரிந்து, கோடுகள் தனித்தனியாக நின்றால் எல்லாம் சரி. இடையிடையே சாம்பல் பட்டைகள் தெரிந்தால் எங்கோ இழுவை நடக்கிறது.

கோயம்புத்தூர், வீட்டிலிருந்து வேலை செய்பவர்

எனக்கு ஓரம் சரியான பிறகும் எழுத்து தெளியவில்லை. 32 அங்குல 'எச்.டி. ரெடி' டிவி. அதன் திரையில் இருப்பதே 1366-க்கு 768 பிக்சல்தான், 1080 வரியை வாங்கிக்கொண்டு உள்ளே சுருக்கிக் காட்டுகிறது. அமைப்பை எத்தனை மாற்றினாலும் இல்லாத பிக்சல் வராது. கணினியில் 1360-க்கு 768 என்ற தேர்வு வந்ததால் அதை வைத்தேன், ஓரளவு தேறியது. இரண்டாவதாக, டிவி மெனுவில் விளிம்பைக் கூர்மையாக்கும் ஷார்ப்னஸ் அமைப்பு. அதிகமாக இருந்தால் கறுப்பு எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு விழும். அது மறையும் வரை குறையுங்கள்.

ஈரோடு, வாசகர்

எனக்கு நேர் எதிர். டிவி அல்ல, கணினி மானிட்டர். எச்.டி.எம்.ஐ.யில் இணைத்தால் நான்கு பக்கமும் கறுப்புச் சட்டம், நடுவில் சின்னதாகப் படம். கடையில் மானிட்டரை மாற்றச் சொல்கிறார்கள்.

திருநெல்வேலி, டிவி பழுது பார்ப்பவர்

மாற்ற வேண்டாம் தம்பி. எதிரில் இருப்பது டிவி, அது ஓரத்தை வெட்டும் என்று நினைத்து, கணினியின் கிராபிக்ஸ் டிரைவர் (திரைக்குப் படம் அனுப்பும் மென்பொருள்) முன்கூட்டியே படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. கணினியின் கிராபிக்ஸ் ஏ.எம்.டி. நிறுவனத்துடையது என்றால் அதன் மென்பொருளில் டிஸ்பிளே பக்கத்தில் 'எச்.டி.எம்.ஐ. ஸ்கேலிங்' என்ற நகர்த்தி (ஸ்லைடர்) இருக்கும், அதைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுபோங்கள். என்விடியா கிராபிக்ஸ் என்றால் டெஸ்க்டாப்பின் அளவையும் இடத்தையும் மாற்றும் பக்கத்தைப் பாருங்கள். மேக் கணினியில் டிவியை இணைத்தால் டிஸ்பிளே அமைப்பில் 'அண்டர்ஸ்கேன்' என்ற நகர்த்தி வரும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் பழைய மென்பொருள் வெளியீடுகளில் கான்ஃபிக் கோப்பில் ஓவர்ஸ்கேனை முடக்கும் வரி ஒன்று இருக்கிறது, அதன் முன்னால் உள்ள '#' குறியை நீக்கிவிட்டு மறுபடி தொடங்கினால் போதும்.

டீச்சருக்கு இன்னொன்று. பல டிவிகள் இந்த அமைப்பை ஒவ்வொரு எச்.டி.எம்.ஐ. துளைக்கும் தனித்தனியாக நினைவில் வைக்கின்றன. முதல் துளையில் சரிசெய்துவிட்டு அடுத்த நாள் யாராவது இரண்டாவதில் செருகினால் ஓரம் மறுபடி போய்விடும். உள்ளீட்டின் பெயரை மாற்றும் வசதி இருந்தால் அந்தத் துளைக்கு 'பிசி' என்று பெயர் கொடுங்கள். சில டிவிகள் அந்தப் பெயரைப் பார்த்தே பெரிதாக்குவதை நிறுத்திவிடும், வண்ண எழுத்துகளின் விளிம்பும் தெளியும். துளைக்கு மேல் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டிவிடுங்கள்.